மூன்று இன்ச் சந்தேகம்

"ஹலோ... ஹலோ, அக்கா? நான்தான். ... ஆமா, ஆமா, டூட்டி நேரம்னு தெரியும். ஒரு ஓரமா வா. ... பக்கத்துல யாரும் இல்லையே? ... இல்ல, நீ முதல்ல வார்டை விட்டு வெளிய வா, அப்புறம்தான் சொல்வேன்."

பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட்டின் ஸ்டோர் ரூமில், துணி உருளைகளுக்கு நடுவே, கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள் அவள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. தூங்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டாள் என்று கேலி செய்து, யூனிட்டில் எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர் டேப்பு. போனின் அந்தப் பக்கம் இருப்பது அவள் கூடப்பிறந்த அக்கா, ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக நர்ஸ். வேறு யாரிடம் வாயைத் திறந்தாலும் நாளைக்கே ஊர் சிரித்துவிடும் என்பது டேப்புவின் பயம்.

"நான் அவரை விட்டுட்டு வர்றேன்க்கா. சாயங்காலம் பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிக்கிட்டு நேரா உன் வீட்டுக்குத்தான். துணியெல்லாம் எடுத்து வச்சாச்சு. ... யாரையா? அந்த மகா உத்தமனைத்தான்! ... நான் ஒண்ணும் கத்தல. ... ஆதாரமா? ஆதாரம் இல்லாம பேசுற ஆளா நான்? கேட்டுக்கோ."

அவள் குரலை இறக்கினாள்.

"எனக்குக் கீழ... அரிப்புக்கா. உயிர் போகுது. பத்து நாளாச்சு. ... ஆமா, வெள்ளையா, திரிஞ்ச பால் மாதிரி. ஒண்ணுக்குப் போனா எரியுது. ... இல்ல, நாத்தம் எதுவும் இல்ல. ... மிஷின்ல உக்காந்தா நெளியுறேன். 'என்ன டேப்பு, ஸ்டூல்ல ஆணியா'ன்னு பக்கத்து மிஷின்காரி கேக்குறா. ... டாக்டர்கிட்டயா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? மருந்துக்கடையில கேட்டேன், ஒரு டியூப் குடுத்தான். வீட்டுக்கு வந்து பாத்தா... அக்கா, அதே டியூப்! ... அட, அவரு பையில இருந்ததேதான்! போன வாரம் துவைக்குறதுக்காக அவரோட வண்டிப் பையைக் கவுத்தேன். சாக்ஸுக்குள்ள சுருட்டி ஒளிச்சு வச்சிருந்தாரு. பாதி தீந்துபோச்சு. அதே பேரு, அதே பச்சை மூடி. எவகிட்டயோ சீக்கை வாங்கிட்டு வந்து என் தலையில கட்டிட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

அக்காவுக்கு வேண்டியது நிறைய இருந்தது போலும். கேள்வி மேல் கேள்வி வந்தது.

"... என்னது, ஈஸ்டா? ரொட்டி உப்புறதுக்குப் போடுற ஈஸ்டா? ... ஓ, அதோட பங்காளி. ... பூஞ்சை. ம். ... எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்குமா? உனக்குமா? ... சரி, சரி, கோவப்படாத. ... அப்போ இத்தனை வருஷம் சும்மா கிடந்தது இப்ப எதுக்கு ஆட்டம் போடுது? ... மாத்திரையா? ஆமா, பல்லு வீங்குனப்போ சாப்பிட்டேன். ஏழு நாளு. ... அது பல்லுக்குக்கா! பல்லு எங்க இருக்கு, இது எங்க இருக்கு? ... ஓஹோ. கெட்ட கிருமியோட நல்ல கிருமியும் சேந்து செத்துடுது. காவக்காரன் இல்லாத வீட்டுல இது பூந்துடுச்சுன்னு சொல்லு. ... கழுவாம இருப்பேனா? ஒரு நாளைக்கு நாலு தடவை. புண்ணு கழுவுற லோஷன் ஊத்தித்தான். ... ஐயோ, காதுல கத்தாத! ... வெறும் தண்ணி போதுமா? வாசனை சோப்பும் கூடாதா? ... ம். பருத்தித் துணி. ஈரம் இல்லாம. ... உள்ள வைக்கிற மாத்திரையா, ஐயய்ய! ... சரி, வைக்கிறேன். ... அரிப்பு நின்னாலும் முழுசா முடிக்கணும். ... முதல் தடவைங்கிறதால டாக்டர்கிட்ட காட்டணும். சரி, சரி, உன்னையே கூட்டிக்கிட்டுப் போறேன்."

இவ்வளவு கேட்டும் அவள் மனசு ஆறவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். டேப்புவுக்கு இப்போது அக்காவே பேயாகத் தெரிந்தாள்.

"இரு, இரு. பேச்சோட பேச்சா அவரை யோக்கியன் ஆக்கப் பாக்குறியா? ... பின்னே? இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடிச்சுக் கட்டி வச்சதே நீதானே, விட்டுக்குடுப்பியா! ... யாருகிட்ட இருந்தும் ஒட்டாமலே வரும்னு சொல்ற. சரி, எனக்கு அப்படி வந்துச்சுன்னே வச்சுக்குவோம். அவருக்கு எதுக்கு டியூப்? அதுக்குப் பதில் சொல்லு. ... ஆம்பளைக்கும் வருமா? ... வரும்னா எதுக்கு வரும், எப்போ வ— ஆமாங்க, நீல பட்டன் நாலு பாக்கெட்! வெள்ளை ரெண்டு! இன்னைக்கே அனுப்பி விடுங்க!"

கட்டிங் மாஸ்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். அலமாரி மேல் இருந்த சாக்பீஸ் பெட்டியை எடுத்தார், அவளை ஒரு பார்வை பார்த்தார், போனார். 'இந்த ஆளு கதவுக்குப் பின்னாடியே நின்னுருப்பானோ' என்று அவரையும் சந்தேகப்பட்டபடி, செருப்புச் சத்தம் தேயும்வரை அவள் மூச்சுவிடாமல் நின்றாள்.

"... போயிட்டாரு. ... இல்லக்கா, உனக்கு எதுக்கு பட்டன்! கேளு. டியூப் மட்டும்னா போனாப் போகுதுன்னு விட்டுருவேன். ஆளே மாறிட்டாரு. நாலு மாசத்துல மூணு தடவை பேண்ட்டை இடுப்புல பிடிக்கச் சொல்லிக் குடுத்தாரு. முப்பத்தாறு இருந்தவரு முப்பத்தஞ்சு, முப்பத்துநாலு, போன மாசம் முப்பத்துமூணு. மூணு இன்ச்சையும் இந்தக் கையாலதான் பிடிச்சுக் குடுத்தேன்! நாப்பத்துநாலு வயசுல யாரு பாக்குறதுக்கு இந்தச் சிக்குனு இடுப்பு? ... உடற்பயிற்சியா? நாள் பூரா பார்சல் வண்டி ஓட்டுறவருக்கா? ... சாப்பாட்டுல குறையே இல்ல. முன்னைவிட ரெண்டு மடங்கு சாப்பிடுறாரு. ... ராத்திரி நாலு தடவை எந்திரிச்சு பாத்ரூம் போறாரு, கையில போனோட. அது எதுக்காம்? ... வெளிச்சத்துக்கா? ... பாத்ரூம் பல்பு போயி ஒரு மாசமாச்சு, மாத்தச் சொல்லி அவருகிட்ட..."

அவள் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் அக்கா இப்போது சண்டை போடவில்லை. நோயாளிகளிடம் பேசும் குரலில், ஒவ்வொன்றாக, நிதானமாகக் கேட்டாள். தங்கையிடம் அவள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. டேப்பு எதிர்த்துப் பேசாமல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

"... தண்ணியா? குடம் குடமாக் குடிக்கிறாரு. வண்டியிலயே நாலு பாட்டில். ... கண்ணா? போன வாரம் வண்டியைக் கொண்டுபோயி கேட்டுல உரசிட்டாரு. மங்கலாத் தெரியுதுன்னாரு. போன்ல கொஞ்சிக்கிட்டு ஓட்டுனா எப்படித் தெரியும்னு நான்தான்... ... அவங்க அப்பாவுக்கா? ஆமா, காலை எடுத்தாங்களே. சுகர்லதான். ... ஏன்க்கா கேக்குற? ... சுத்தி வளைக்காம சொல்லு."

"... சுகரா? அவருக்கா? ... அதனாலதான் இளைக்கிறாரா? ... சுகர் ஒண்ணுக்கு வழியாப் போகுது, அதைத் தின்னு அங்க பூஞ்சை பிடிக்குது... ஓ. அதான் டியூப். ... சொல்லியிருக்கலாமேக்கா! கட்டினவகிட்ட சொல்லுறதுக்கு என்ன வெக்கம்? ... ஆமா. நானும்தான் சொல்லல. ஆமா."

அளவெடுக்கிறவள் அவள். வாடிக்கையாளரின் தோள் அரை இன்ச் இறங்கியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். தன் வீட்டு மனிதன் கண்ணெதிரே கரைவதை, யாருக்கோ அழகு காட்டுகிறார் என்று வயிறெரிந்துகொண்டே தைத்துத் தந்திருக்கிறாள்.

"... இன்னைக்கா? காலையில பேசுனாரு. வழியில ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டேன், வயிறு வலிக்குது, மூச்சு வாங்குதுன்னு... ... நான் என்ன சொன்னேனா?"

கழுத்து டேப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"'உங்களுக்குத்தான் ஆள் இருக்காளே, அவகிட்டப் போய்ச் சொல்லுங்க'ன்னு வச்சுட்டேன்க்கா. ... திட்டு. நல்லாத் திட்டு. ... என்னது? ... இப்பவேவா? ... சரி. சரி. வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க. நாளைக்குன்னு தள்ளக் கூடாது. ... சுகர் எக்கச்சக்கமா ஏறுனா வாந்தி வருமா, வாயில பழ வாடையும் அடிக்குமா? ... ஆமா, ஆமா, புரியுது, நீ வை. நான் அவருக்குப் போடணும். வைக்கா!"

அவசரத்தில் இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது ஒரு பெண்.

நாலு மாதமாக மனசுக்குள்ளேயே மூக்கும் முழியும் வைத்து அவள் வளர்த்திருந்த பெண்ணின் குரல், இதோ, அவர் போனிலேயே வந்துவிட்டது. டேப்புவுக்குக் கோபம் வரவில்லை. இந்தக் குரல் போனை வைத்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

"ஹலோ... இது அவரு போன்தானே? நீங்க யாரும்மா? ... நர்ஸா? எந்த ஆஸ்பத்திரி? ... எங்க மயங்கினாரு? வண்டி ஓட்டுறப்பவா? ... நிறுத்திட்டாரா? ஓரமா நிறுத்திட்டாரா? ... உயிருக்கு... ... ம். ... ம். ... குடியா? இல்லம்மா! அவரு குடிக்கவே மாட்டாரு. ... வாயில வாடை வந்தா வரட்டும், அது குடி இல்ல, தப்பா நினைச்சு ஓரமாப் போட்டுடாதீங்க! சுகர். சுகர் பாருங்கம்மா, முதல்ல அதைப் பாருங்க! ... டெஸ்ட் எடுத்ததே இல்ல. யாருக்கும் தெரியாது, எனக்கே இப்பத்தான் தெரியும். மாசக்கணக்கா இளைச்சுக்கிட்டே வர்றாரு. தண்ணி தண்ணின்னு குடிக்கிறாரு. அவங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. ... பாக்குறீங்களா? பாருங்க, பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்."

லைனில் யாரோ ஓடும் சத்தம், தள்ளுவண்டிச் சக்கரம், ஒரு குழந்தையின் அழுகை. டேப்பு நீலத்துணி உருளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நெற்றியைத் துணியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அரிப்பு இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"... சொல்லுங்க! எவ்வளவு? ... கடவுளே, அவ்வளவா! ... பெரிய டாக்டர் வந்துட்டாரா? ... ஊசி போட்டாச்சா? ... பொழச்சுக்குவாருல்ல? ... ம். ... ம். ... நீ நல்லா இருப்பம்மா, நீ நல்லா இருக்கணும். ... நானா? நான் அவரு சம்சாரம். ... இதோ, கிளம்பிட்டேன், அரை மணி நேரம். ... பேப்பர்லயா? என் பேரைப் போட்டுக்குங்க. ... இன்னொருத்தர் பேரா? எதுக்கு? ... அவசரத்துக்குக் கூப்பிடவா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. அவருக்கு வேற யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.