அழிக்காமல் திறந்த ஜிப்

"பொட்டப்புள்ள கம்ப்யூட்டர் படிச்சு யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்று மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்.

திருச்செங்கோட்டு ஜெராக்ஸ் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற போர்வெல் ரிக் லாரி டிரைவர் கடைப்பெண்ணிடம் போனை நீட்டினார்.

"ஏனுங்க அம்மிணி, ஓனரு பெர்மிட்ட ஜிப் ஃபைலா அனுப்பியிருக்காருங்க. அதப் பிரிக்கற ஆப்புக்குப் போன்ல எடமில்லைங்க. செத்துப்போன எங்க ஊட்டுக்காரி வீடியோவ அழிச்சாத்தான் ஆகுமாட்ட இருக்குதுங்க."

"ஒண்ணையும் அழிக்காதீங்கண்ணா," என்றாள் கடைப்பெண். "ஜிப்பத் தொறக்கறதுக்குன்னே வெப்சைட் இருக்குது, அதுலயே தொறந்து பாத்துக்கலாம்."

அவள் அவர் போனில் இரண்டு முறை தொட்டதும் பெர்மிட் திரையில் விரிந்தது.

"அட சாமி! எந்த ஆப்பையும் ஏத்தாமயேவா?"

அவர் பதறிப்போய் வீடியோவைத் தேடி ஓட்டினார். "இருக்கறாளுங்க. சிரிச்சுட்டே இருக்கறா."

என் முறை வருவதற்குள், மாமாவின் கேள்வியை நினைத்து இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்ட எம்.சி.ஏ. விண்ணப்பத்தை அங்கே நின்றபடியே என் போனில் அனுப்பிவிட்டேன்.