மப்ரூக்கா வீட்டு ஜாடி

தலைமை தாங்கும் ஹாஜி லரூஸி அவர்களே, ஆலிவ் தோப்பிலேயே தலை நரைத்த பெரியோர்களே, விரல்களில் ஆட்டுக்கொம்பு மாட்டிக் காய் உருவிச் சிவந்த கரங்களுடைய தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மப்ரூக்கா அக்கா அவர்களே! உங்கள் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ரஃபீக்காவின் ஸலாம்.

நம் துனிசியாவின் ஆலிவ் எண்ணெய் கப்பலேறுகிறது. அது ஈட்டும் அந்நியப் பணத்தில் கோதுமை இறங்குகிறது. சோயா எண்ணெய் இறங்குகிறது. ஏறுவது நம் உழைப்பு. இறங்குவது நம் உணவு. ஏறுவதற்கும் நாம் விலை சொல்வதில்லை, இறங்குவதற்கும் நாம் விலை சொல்வதில்லை. பிறகு எதைத்தான் சொல்கிறோம் நாம்?

"போன வருசம் நல்ல வெல கெடச்சுதேம்மா!"

பின்வரிசையிலிருந்து குரல் கொடுக்கும் அண்ணே, கிடைத்தது, மறுக்கவில்லை. அந்த விலைக்காகத்தானே, செக்கில் வழியும் முதல் எண்ணெய் வருடம் முழுதும் சமைக்க வீட்டு ஜாடிக்கு என்ற வழக்கத்தை உடைத்தோம்? "ஜாடியையும் கவுத்துடு தங்கச்சி, கடையில எண்ணெய்க்கா பஞ்சம்?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். மொத்த எண்ணெயையும் ஏற்றுமதிக்காரனுக்கு விற்ற ஒப்பந்தத்தில் இருப்பது என் கையெழுத்து.

பிப்ரவரியில், அக்காவின் கணவர் பெல்காஸெம் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்தவர்கள் முன் ரொட்டியும் எண்ணெயும் வைக்க வேண்டும். ஜாடி காலி. கடையும் காலி. உலகச் சந்தையில் விலை ஏறியதால் அரசால் பணம் கட்ட முடியவில்லை; பணம் வரும்வரை சோயாக் கப்பல் சரக்கை இறக்காமல் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்கு வெளியே நின்றது.

அக்கா என்னிடம் கேட்டார்: "ஒரு கிண்ணம் எண்ணெ இருக்குமாடி, ரஃபீக்கா?"

"எங்க வீட்லயும் இல்லக்கா."

"நாப்பது வருசம் மரத்துமேலயே கெடந்த மனுசன்டி. அவருக்கு ஒரு கிண்ணம் இல்லையா இந்த ஊர்ல?"

வெறும் ரொட்டியை வைத்தோம். அதுவும் அயல்நாட்டுக் கோதுமை. ஹாஜி, நீங்கள் ஒரு துண்டைப் பிட்டு, தொட்டுக்கொள்ளக் கை நீட்டினீர்கள். அங்கே கிண்ணம் இல்லை. அந்தக் கை திரும்பியதை நான் மறக்கவில்லை.

அதே ஒப்பந்தம் இன்று மீண்டும் இந்த மேசையில் இருக்கிறது. விற்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? விற்போம்! ஆனால் ஜாடி நிறைந்த பின் விற்போம். அடுப்புக்கு வைத்த பின் விற்போம்!

"வாங்குறவன் போயிட்டான்னா?"

போனால் இன்னொருவன் வருவான், அண்ணே. பெல்காஸெம் வரமாட்டார்.

நாளை அறுவடை. மரங்களில் ஏணிகள் சாய்ந்து நிற்கின்றன. அடுத்து விழுவது யார், எனக்குத் தெரியாது. அவர் வீட்டில் கை நீட்டுபவர்கள் முன் கிண்ணம் இருக்குமா என்பதை மட்டும் இப்போது நீங்கள் முடிவு செய்யலாம். ஜாடி முதலில் என்போர் கை உயர்த்துங்கள்.

செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. தன் துக்கத்தை அவையில் சொல்ல அனுமதித்த அக்காவுக்கு என் தலை தாழ்ந்த ஸலாம்.