இரண்டு ஓம்

டில்லிக் குளிரில் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி வெயிலுக்கு ஈடான சுகம் கிடையாது. நீங்களும் இங்கே உத்தியோகம் பார்க்கிற தமிழர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜனக்புரியில் நானும் என் மனைவி அனந்தலக்ஷ்மியும், கீழ்வீட்டு ராமமூர்த்தியும் அவர் மனைவி சுந்தரவல்லியும், வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருப்போம்.

போன டிசம்பரில் ராமமூர்த்தி தன் பழைய காருக்கு துபாயிலிருந்து ஓர் ஆம்பிளிஃபயர் வரவழைத்திருந்தார். சர்க்கார் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக எலெக்ட்ரானிக்ஸ் பார்ப்பவன் என்பதால் நான்தான் பொருத்திக் கொடுத்தேன். ஒழுங்காகத்தான் பொருத்தினேன். அவருக்குச் சத்தம் போதவில்லை.

மாடியில் வைத்து விளக்கினேன். ஸ்பீக்கரின் தடை நாலு ஓம். இன்னொன்றைப் பக்கத்தில் இணைத்தால் இரண்டு ஓம். தடை பாதியானால் மின்சாரம் இரண்டு மடங்கு பாயும், பவரும் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆனால் அந்த ஆம்பிளிஃபயர் நாலுக்குத்தான் செய்தது. இரண்டில் ஓட்டினால் கொதிக்கும்.

"ஆக, ஓம் குறைஞ்சா சத்தம் ஜாஸ்தி. அப்படித்தானே ஸார்?" என்றார்.

"ஆமாம்."

"அதான் பாத்தேன். எங்காத்துல நான் ஓம் சொல்றதை நிறுத்தினதுலேர்ந்து சத்தம் தாங்கலை."

சுந்தரவல்லி அவர் தோளில் தட்டினாள். அனந்தலக்ஷ்மி சிரித்தாள். கண்ணில் நீர் வர, என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினாறு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்தேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

மறுவாரம் அவர் கேட்டபடியே இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்தேன். ஃபியூஸ் போனது. மாற்றினேன், மறுபடியும் போனது. "இந்த ஃபியூஸ் சனியனை ஒழிச்சுக்கட்டுங்கோ ஸார்," என்றார். ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை வைத்தேன். பேட்டரியிலிருந்து வரும் வயரை மட்டும் மெல்லியதாக மாற்றினேன். அதை அவர் கேட்கவில்லை. ஆம்பிளிஃபயர் அதிராமலிருக்க ரப்பர் பஞ்சில் சுற்றிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்தேன். அதையும் கேட்கவில்லை.

ஜனவரியில் அவர்கள் மதுரா புறப்பட்டார்கள். எங்களையும் அழைத்தார்கள். எனக்கு ஜலதோஷம் என்றேன். "நீ போய்ட்டு வா, லக்ஷ்மி. பின்னாடி உக்காந்துக்கோ, பாட்டு அங்கேதான் நன்னாக் கேக்கும்."

அந்தக் காரின் பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது. ராமமூர்த்திதான் ஒவ்வொரு தடவையும் இறங்கிவந்து, வெளியிலிருந்து திறந்துவிடுவார். அன்று காலை அவளுக்குத் திறந்துவிட்டதையும் பால்கனியிலிருந்து பார்த்தேன். சுந்தரவல்லி முன்னால் ஏறிக்கொண்டாள். குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள்.

பல்வல் தாண்டியதும் புகை வந்ததாம். முன்னால் இருந்த இரண்டு பேரும் குதித்துவிட்டார்கள். பின்கதவைத் திறக்கப் போன ராமமூர்த்திக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. கதவு திறந்தபோது அவள் உயிரோடு இல்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் கட்டுப்போட்ட கைகளைத் தூக்கிக் கும்பிட்டார். "நான்தான் கொன்னேன். நீங்க தலைபாடா அடிச்சுண்டேளே ஸார், நான் கேக்கலையே," என்று அழுதார். நான் மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் வாதம் செய்வது நாகரிகமல்ல.

நான்கு மாதம் சும்மா இருந்தேன். இனியும் இருந்திருப்பேன். நேற்று உங்கள் போலீஸ் ஆபீஸில், கார் எரிந்ததைப் பற்றிய ரிப்போர்ட்டைப் படிக்கக் கொடுத்தார்கள். "மின்சாரம் பற்றிய அடிப்படை அறிவில்லாத எவரோ செய்த வயரிங்," என்று போட்டிருக்கிறது.

அதைத் திருத்துங்கள். எந்த வயர் எவ்வளவு தாங்கும், எவ்வளவு நேரத்தில் சிவக்கும், பஞ்சு எப்போது பற்றும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தேன். அவள் உட்காரப்போகும் இடமும் தெரிந்துதான் செய்தேன். அனந்தலக்ஷ்மி இருந்திருந்தால் அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள், நான் எந்த வேலையையும் அலட்சியமாகச் செய்கிறவன் இல்லை என்று.