பழுப்பு அட்டைக்குள் வந்த பிழை

அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, செவிலியர் கல்லூரியின் பேராசிரியப் பெருமக்களே, படித்துப் பணிக்குப் போன பழைய மாணவிகளே, பிள்ளைகளைப் பார்க்க வந்த மூத்தோர்களே, தாய்மார்களே! இந்தக் கல்லூரி நூலகத்தில் இதழ்ப் பிரிவைக் கவனிப்பவளாகிய நான் உங்களை வணங்குகிறேன்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்துக்கு முன் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும்.

ஆய்விதழ் எது, கடையில் தொங்கும் இதழ் எது? அட்டையைப் பார்த்தாலே தெரியும் என்கிறார் அங்கே ஓர் ஐயா. தெரியும் ஐயா, அட்டை இருந்தால்! ஆண்டு முடிந்ததும் இதழ்களைச் சேர்த்து ஒரே தொகுதியாகத் தைக்க அனுப்புவோம். பைண்டர் அட்டையைக் கிழிப்பார், விளம்பரத்தைக் கிழிப்பார், எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு அட்டை போடுவார். சிறுநீரக ஆய்விதழ்க் கட்டுக்குள், அதே அளவிலிருந்த ஓர் உடல்நல மாத இதழையும் வைத்துக் கட்டியது யார்? நான். பிரித்துப் பார்க்காமல் அனுப்பியது யார்? அதுவும் நான்.

என் அக்காள் மகள் இங்கே மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அந்தத் தொகுதியைப் பார்த்து, சிறுநீரக நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் எழுதி வார்டில் ஒட்டினாள். பழச்சாறு எவ்வளவும் குடிக்கலாம் என்று அதில் இருந்தது. மூன்றாம் நாள், அப்படிக் குடித்த ஒரு பெரியவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறியது. பிழைத்துக்கொண்டார், டாக்டர்கள் ஓடி வந்ததால் பிழைத்துக்கொண்டார்.

இது எந்த ஆய்வு, எத்தனை பேரிடம் செய்தது, யார் சரிபார்த்தது என்று அவளுடைய ஆசிரியை கேட்டிருக்கிறார். புரட்டினால் ஆதாரப் பட்டியல் இல்லை. எழுதியவர் எங்கே பணிபுரிகிறார் என்ற குறிப்பில்லை. பிற அறிஞர்கள் சரிபார்த்த தடயமில்லை. இனிக்க இனிக்க அறிவுரை மட்டும் இருந்தது.

அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். "சித்தி, நீங்க எடுத்துக் கொடுத்ததுனுதானே நான் எந்த இதழ்னுகூடப் பார்க்கல" என்றாள்.

அவளுக்கு முன்பே, இப்போது பணியில் இருக்கும் ஆறு பேர் அந்தத் தொகுதியை எடுத்திருக்கிறார்கள். நால்வரிடம் பேசிவிட்டேன். இருவருடைய தொலைபேசி எண் மாறிவிட்டது. அவர்கள் எந்த மருத்துவமனையில், எந்த நோயாளிக்கு, எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? தூக்கம் வருமா எனக்கு?

அந்த இருவரும் இந்த அரங்கில் இருக்கலாம். தொகுதி எண் நாற்பத்தேழு. எடுத்த பிள்ளைகளே, குற்றம் உங்களுடையதல்ல. மேடையைவிட்டு இறங்கி வாசலிலேயே நிற்கப்போகிறேன். தயவுசெய்து என்னிடம் பேசாமல் பணிக்குத் திரும்பாதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.