எங்கு தேடியும் கிடைக்கவில்லை

ஐயா,

பதிவைத் திருத்துவதற்கான விண்ணப்பத்தில், ஒன்பதாவது கட்டத்தில் ‘காரணம்’ எழுத மூன்று வரிதான் விட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தாராளம். பெயரில் எழுத்துப்பிழை, முகவரி மாற்றம் என்று அரை வரியில் முடித்துவிடுவார்கள். எனக்குப் போதவில்லை. ஆகவே தனித்தாளில் அடித்து இணைக்கிறேன். உங்கள் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் நகல் எடுத்து, விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் கடை என்னுடையதுதான். உங்கள் மேசைக்கு வரும் பத்து விண்ணப்பங்களில் ஆறு என் கையால் அடித்ததாக இருக்கும்.

திருத்த வேண்டியது, மூன்று வருடங்களுக்கு முன் நான் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரே ஒரு வரி. பன்னிரண்டு அடிப் படகு ஒன்று, அதை ஏற்றி இழுத்துப்போகும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று. இரண்டும் பழையவை. இரண்டுக்கும் பதிவுப் புத்தகம் என்னிடம் இல்லை, முந்தைய உரிமையாளரின் கையெழுத்தும் இல்லை. அந்த உரிமையாளரைப் பற்றி, ‘எங்கு தேடியும் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். அது பொய். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெருவும் கதவு எண்ணும்கூடத் தெரியும். அவர் என் அத்தான், கூடப்பிறந்த அக்காவின் கணவர்.

அத்தானைப் பற்றிச் சொல்கிறேன். குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவர். வாயில் நாலு வார்த்தை சேர்ந்து வராது. அந்த நாலும் யாரையும் நோகடிக்காது. அவர் தன் ஆசைக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்தப் படகு. அதையும் அக்காவிடம் சொல்லாமல் வாங்கிவிட்டார். டிரெய்லரோடு வாசலில் வந்து நின்றபோதுதான் அவளுக்கே தெரியும். அக்கா மனசு வெல்லம், வாய் மட்டும் மிளகாய். மூன்று நாள் சண்டை போட்டாள். மூன்றாம் நாள், “நீங்க படகோடவே குடும்பம் நடத்துங்க, நான் எதுக்கு” என்றாள். வீட்டில் எல்லோரும் சொல்லும் பேச்சுத்தான். அத்தானுக்கு விளையாட்டுப் பேச்சுக்கும் வினைப் பேச்சுக்கும் வித்தியாசம் தெரியாது. கருவிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படகை அவள் வீட்டுச் சுவரோரம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுத்தான் போனார்.

நாலு நாளில் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். அக்கா வீம்புக்கு அவருடைய கைபேசி எண்ணைத் தடுத்து வைத்திருந்தாள். இருபது நாள் கழித்து அவளே இறங்கி வந்து கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவர் வேலை பார்த்த இரண்டு இடங்களில் போய் விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை.

நான் தனியாள். சாப்பாடு அக்கா வீட்டில்தான். தினமும் அந்தத் தார்ப்பாயைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஒருநாள் அக்காவிடம், அதைப் பார்க்கப் பார்க்க உனக்கு வேதனைதானே, நான் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவளும் சரி என்றாள். நல்லெண்ணத்தில்தான் கேட்டேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐயா, என் கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு நகல் இயந்திரங்களும் நானும் அடங்கினால் சரி, நாலாவதாக ஒரு நாற்காலிக்கு இடமில்லை. காலையிலிருந்து மற்றவர்களுடைய பெயர், மற்றவர்களுடைய வீடு, மற்றவர்களுடைய வண்டி என்று அடித்துக்கொண்டே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் படகை இறக்கி, நடுவில் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், என்னிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இதைத் தவிர என் பக்கத்து நியாயமென்று சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

நான் நாலு ஞாயிறு போய்வந்த பிறகு அத்தானின் முதல் கடிதம் வந்தது. வீட்டுக்கு எழுதப் பயந்து என் கடை முகவரிக்கு எழுதியிருந்தார். ஒரு குளிர்சாதனக் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறதாம். பேசுகிற மாதிரியே எழுதுவார். “தம்பி, அவ கோபம் தணிஞ்சிருந்தா ஒரு வரி போடு, அடுத்த வண்டியில வந்துடறேன். தணியலேன்னா தொந்தரவு பண்ணல. படகோட புத்தகம் பையில மாட்டிக்கிட்டு வந்துடுச்சு, வரும்போது கொண்டுவரேன்.”

அன்றைக்கே அக்காவிடம் கொடுத்திருக்க வேண்டும். அந்த வாரம் ஞாயிறு முடியட்டும், திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான் நான் கேட்டது. திங்கட்கிழமை கொடுத்தால் ஏன் தாமதம் என்று கேட்பாள் என்று தோன்றியது. அதற்கடுத்த வாரம் அத்தானுக்குப் பதில் அடித்தேன். உங்கள் பேச்சை எடுத்தாலே அக்கா எழுந்து போய்விடுகிறாள், கொஞ்ச நாள் போகட்டும் என்று எழுதினேன். இதில் பாதி உண்மை. எழுந்து போவாள். அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

இரண்டாவது கடிதம் நாலு மாதம் கழித்து வந்தது. அதில், “நீ அவகிட்ட நேராவே கேட்டுடு தம்பி. நான் வேண்டாம்னா படகை உன் பேருக்கே எழுதித் தந்துடறேன், வச்சுக்க. வேணும்னா நான் வரேன்” என்று இருந்தது. மனிதர் வழியைக் கையில் கொடுத்திருந்தார். நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். அக்கா வேண்டாம் என்று சொன்னால் படகு முறைப்படி எனக்கு. நான் கேட்கவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த மாதத்தில்தான் ஏரிக் காவலர்கள் என்னை நிறுத்தி, பதிவெண் எங்கே என்றார்கள். அடுத்தமுறை படகைப் பறிமுதல் செய்வோம் என்றார்கள். எனவே உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். படகுப் பிரிவில், முதலில் டிரெய்லரின் பதிவைக் கொண்டுவா என்றார்கள். வாகனப் பிரிவில், ஏற்றுகிற படகின் பதிவுப் புத்தகமே இல்லை, டிரெய்லருக்கு எப்படித் தருவது என்றார்கள். இரண்டு வாரம் மாடிக்கும் கீழுக்கும் பந்தாக உருண்டேன். டிரெய்லரின் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைத் துரு சுரண்டிக் கண்டுபிடித்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து ஒட்டினேன். ‘ஊர்தியின் வகை’ என்ற இடத்தில் ‘தானாக நகராதது’ என்று எழுதச் சொன்ன வாகனப் பிரிவு அம்மா, “எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு வச்சுக்குங்க” என்றார். நானும் சிரித்தேன். கடைசியில் அவர்தான், முந்தைய உரிமையாளரின் கையெழுத்து இல்லாவிட்டால் ஒரு உறுதிமொழிப் பத்திரம், குடும்பத்தாரின் சம்மதம், செய்தித்தாளில் அறிவிப்பு, முப்பது நாளில் ஆட்சேபம் வராவிட்டால் பதிவு என்று வழி சொன்னார்.

உறுதிமொழிப் பத்திரம் எனக்குப் புதிதல்ல. தொலைந்த மதிப்பெண் சான்றிதழுக்கும் தொலைந்த பத்திரத்துக்கும் வாரத்தில் நாலைந்து அடிப்பேன். மாதிரி கணினியிலேயே இருக்கிறது. ‘மேற்படி ஆவணம்’ என்று வரும் இடங்களில் ‘மேற்படி உரிமையாளர்’ என்று மாற்றினேன். மற்றபடி ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

சம்மதக் கையெழுத்துக்கு அக்காவிடம் கொண்டுபோனேன். அவள் நான் நீட்டுகிற எதையும் படிக்காமல் போடுகிறவள். அன்றைக்கு ஏனோ கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தாள். படித்துவிட்டுக் கேட்டாள்.

“நான் ரெண்டு இடத்துலதான்டா விசாரிச்சேன். எங்கு தேடியும்னு போட்டிருக்கியே, நீ எங்கெல்லாம் தேடின?”

“அது எல்லாருக்கும் போடுற வரிதான்க்கா.”

பேப்பரிலும் அறிவிப்பு வரும் என்று சொன்னேன். உடனே அவள், “பேப்பர்ல வந்தா அவர் கண்ணுல படும் இல்லடா? பாத்துட்டு வந்தாலும் வருவார்” என்றாள். அந்த நம்பிக்கையில்தான் கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை என்று உதறி உதறிப் போட்டாள். அவருடைய இரண்டு கடிதங்களும் அப்போது என் கடை மேசை இழுப்பறையில், லேமினேஷன் தாள்களுக்கு அடியில் இருந்தன.

அறிவிப்பு உங்கள் விதிப்படிதான் வந்தது. உரிமையாளர் எங்கு தேடியும் கிடைக்காததால், அவருடைய மனைவியின் சம்மதத்துடன் படகும் டிரெய்லரும் இன்னார் பெயருக்கு மாற்றப்படுகின்றன. முப்பது நாளும் கடை வாசலில் நிழல் விழுந்தால் அத்தானோ என்று நிமிர்ந்து பார்ப்பேன். அந்த வாரங்களில் அக்காவும் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் வர வேண்டுமென்று அவள் காத்திருந்தாள், வரக்கூடாதென்று நான் காத்திருந்தேன். ஆட்சேபம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் எனக்குப் பதிவெண் கிடைத்தது.

அத்தானின் மூன்றாவது கடிதம் அதற்கடுத்த வாரம் வந்தது. மிகச் சிறியது. “பேப்பர் பாத்தேன். அவளே சம்மதிச்சப்புறம் நான் சொல்ல என்ன இருக்கு. படகை நல்லா வச்சுக்க. தார்ப்பாய்ல தண்ணி தேங்க விடாதே.” அதற்குப் பிறகு எழுதவில்லை.

மூன்று வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை அடிப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஞாயிறுதோறும் ஏரிக்குப் போனேன். அக்கா எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். அவரிடமிருந்து ஏதாவது தெரிந்ததா என்று தினமும் கேட்டவள், பிறகு வாரம் ஒருமுறை கேட்டாள். தலை சட்டென்று நரைத்துவிட்டது. நான் ஒருவன் வாயைத் திறந்திருந்தால் அவளுக்கு ஒரு முடிகூட நரைத்திருக்காது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசும். ஆனாலும் சாப்பிடுவேன். கூசுகிறது என்பதால் சாப்பாடு இறங்காமல் போனதில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு பெண்மணி கடைக்குத் தொலைபேசியில் பேசினார். அத்தான் தங்கியிருந்த அறையின் வீட்டுக்காரம்மா. அத்தான் கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தபோதே மாரடைப்பில் இறந்துவிட்டார் என்றார். அவர் பையில் கிடைத்த ஒரே முகவரியும் தொலைபேசி எண்ணும் என் கடையுடையவைதானாம். நகல் இயந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். காரியத்தை அங்கேயே முடித்தேன். வந்தவர்கள் கிடங்கில் வேலை செய்யும் மூன்று பேர், வீட்டுக்காரம்மா, நான்.

அந்த அம்மா, “வந்த புதுசுல மூட்டையைக்கூடப் பிரிக்கமாட்டார். வீட்ல கோபமா இருக்கா, தணிஞ்சதும் போயிடுவேன்னு சொல்லுவார். அப்புறம் ஒருநாள் எல்லாத்தையும் எடுத்து அலமாரியில அடுக்கிட்டார்” என்றார். பைக்குள் படகின் பதிவுப் புத்தகம் இருந்தது. அதற்குள் செய்தித்தாளில் வந்த நம் அறிவிப்பின் நறுக்கு மடித்து வைத்திருந்தது. ‘மனைவியின் சம்மதத்துடன்’ என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். வேறெதிலும் கோடு இல்லை. ஐயா, அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு என்னால் மற்றவர்களின் உறுதிமொழிப் பத்திரத்தைக்கூட அடிக்க முடியவில்லை. விரல் நின்றுவிடுகிறது.

அதனால்தான் உண்மையை ஒளிவுமறைவின்றி எழுதிவிட்டேன். மூன்று கடிதங்களின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். பொய் உறுதிமொழிக்கு என்ன தண்டனை உண்டோ அதை ஏற்கிறேன். இந்த மாதம் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தவணை. முந்தைய உரிமையாளர் இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழும் வாரிசின் ஒப்புதலும் போதும், பதிவு நிரந்தரமாகிவிடும் என்று படகுப் பிரிவில் சொன்னார்கள். அதற்காகவே இதை எழுதினேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். படகு யார் பெயரில் இருந்தால் என்ன. ஆனால் பதிவில்லாமல் கிடந்து யாருக்கும் பயனில்லாமல் போவதை அத்தானும் விரும்பியிருக்கமாட்டார்.

ஆகவே இறப்புச் சான்றிதழை இணைத்துள்ளேன். வாரிசு ஒப்புதலில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது. டிரெய்லரைப் புதுப்பிக்க என்று சொல்லி, தாளின் மேல்பாதியை மடித்து மறைத்துக்கொண்டு வாங்கினேன். இந்தமுறை அவள் கண்ணாடியை எடுக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பதிவு முடிந்ததும் வாரிசுக்குத் தபாலில் ஒரு தகவல் அனுப்புவீர்கள் என்று தெரியும். அதை அக்கா வீட்டுக்கு அனுப்பாமல் என் கடை முகவரிக்கு அனுப்புங்கள். அவர் இறந்தது அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் மனம் தாங்காது, ஐயா. அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்.