மூடியத் திறந்தா முழிக்கணும்

ஆமா மேடம், நாந்தான் போட்டேன். மறைக்க என்ன இருக்கு? உலகம் பூரா இருந்து ஆளுங்க படிக்கிற க்ரூப் மெயில்லதான் போட்டேன். என் வீட்டுக்காரர்கிட்டேர்ந்து விவாகரத்து கேட்டு கோர்ட்டுல மனு குடுத்திருக்கேன், சம்பந்தப்பட்டவங்க கவனிக்கவும்னு. ரெண்டே வரி. தலைப்பு கூட ஒழுங்கா வச்சேன். தலைப்பு சரியில்லன்னா அங்க திட்டுவாங்க.

அவமானமாப் போச்சுன்னாரா? போன வாரம் இதே நாற்காலில உக்காந்து சொன்னாரா? அதே க்ரூப்ல ஒரு மன்னிப்பு கேட்டுட்டு, மனுவ வாபஸ் வாங்கிட்டு வந்தா பழையபடி குடும்பம் நடத்தத் தயார்னு சொன்னாரா? அடேங்கப்பா, எவ்வளவு பெரிய மனசு. நீங்களும் அதத்தான் சொல்ல வர்றீங்க, ஒரு மன்னிப்புல என்ன கொறஞ்சிடப் போறோம்னு. சொல்லுங்க. நீங்க கவுன்சிலர், சேத்து வைக்கறதுதான் உங்க வேலை. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

அடிக்கிறதா? அய்யோ, கொசுவ அடிக்கறதுக்கே யோசிக்கிற மனுஷன். குடின்னா டீதான், அதுவும் ஆறிப்போன டீ. வேற பொம்பளையா? அதுக்கெல்லாம் தலைய நிமித்திப் பாக்கணுமே மேடம். அந்தத் தாள்ல இருக்கற கட்டம் எல்லாத்துலயும் இல்ல, இல்லன்னே போட்டுக்குங்க. என் கஷ்டமே அதுதான். எனக்குன்னு அதுல ஒரு கட்டம் கூட இல்ல.

அவர் என்ன வேலை பாக்கறார்னு சொன்னாரா? சொல்லியிருப்பார், உங்களுக்குத்தான் புரிஞ்சிருக்காது. நான் சொல்றேன் கேளுங்க. கம்ப்யூட்டர ஆன் பண்ணினதும் மொதல்ல ஒண்ணு கண்ண முழிக்குமில்ல, ஆபரேட்டிங் சிஸ்டம்னு? காசு குடுத்து வாங்கறது ஒரு வகை. இது இனாம். அங்கங்க இருக்கறவங்க சேந்து எழுதி, இந்தாங்கன்னு சும்மா குடுக்கறாங்க. யார் வேணா எடுத்துக்கலாம், உள்ள பிரிச்சுப் பாக்கலாம், தப்பு இருந்தா திருத்தி அனுப்பலாம். நல்ல காரியம், நான் இல்லேங்கல. பகல்ல கம்பெனி வேலை, அது சம்பளத்துக்கு. வீட்டுக்கு வந்ததும் இந்த வேலை, அது புண்ணியத்துக்கு. அதுல இவர் பங்கு ஒரு சின்னத் துண்டு. லேப்டாப் மூடிய மூடினா அது தூங்கணும், மூடியத் திறந்தா முழிக்கணும். அவ்வளவுதான். எங்க மாமியார் எல்லார்கிட்டயும் சொல்லிப்பாங்க, எம் பையன் கை வைக்கலன்னா உலகத்துல ஒரு லேப்டாப் எந்திரிக்காதுன்னு. நான் சொல்லுவேன், ஆமா அத்தை, கை வச்சதுலேர்ந்துதான் எந்திரிக்க மாட்டேங்குதுன்னு.

சிரிக்கறீங்க. கூட இருந்து பாருங்க, சிரிப்பு வராது. ஒரு மாடல் முழிக்கலன்னு உக்காந்து திருத்துவார். அது முழிச்சிக்கும். இன்னொரு மாடல் அன்னிலேர்ந்து தூங்கவே தூங்காது, பைக்குள்ள வச்சா வெந்நீர்ப் பை மாதிரி கொதிக்கும். கெணறு வெட்ட பூதம். அந்தப் பூதத்த வெரட்ட ஒரு பேட்ச் போடுவாங்க. கிழிஞ்ச துணிக்குப் போடற ஒட்டுதான், வேற ஒண்ணும் இல்ல. அந்த ஒட்டப் போட்டா சவுண்ட் போயிடும். சவுண்ட் பாக்கறவர் வேற ஒரு கண்டத்துல இருக்கார். அவர் சொல்வார், என் பக்கம் தப்பில்ல, தூக்கத்துப் பக்கம்தான்னு. இவர் சொல்வார், தூக்கம் சரியாத்தான் இருக்கு, சவுண்ட் பக்கம் பாருங்கன்னு. மாமியார் மருமக சண்டையெல்லாம் பிச்சை வாங்கணும். இதுக்கு நடுவுல, ஒரு பட்டனுக்குத் தூங்குன்னு பேர் வைக்கிறதா, ஓய்வெடுன்னு பேர் வைக்கிறதான்னு ஒரு பஞ்சாயத்து ஓடிச்சு. மழை ஆரம்பிச்சப்ப தொடங்கினது, வெயில் வந்தும் முடியல. கருத்து சொல்லாத ஆளே கிடையாது. ஐயா, என் மெஷின் முழிக்கவே மாட்டேங்குதுன்னு பக்கத்துலயே ஒருத்தன் கதறிக்கிட்டிருந்தான், அங்க ஈ காக்கா இல்ல.

அந்தப் புகாரெல்லாம் என்ன ஆகும்னா கேக்கறீங்க? அதுக்கு ஒருத்தர் இருக்கார். எல்லாரும் அவர பூட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. புகார் வந்ததும் பாப்பார். என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது, மூடறேன்பார். ஒரே பூட்டு. உனக்கு ஓடுதுய்யா, எனக்கு ஓடலைங்கறேன், நீ ஓடுதுன்னா என்ன அர்த்தம்? பல்வலின்னு வர்றவங்ககிட்ட எங்க டாக்டர், எனக்கு வலிக்கலையே, நீங்க கெளம்புங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? நான் பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல இருக்கேன், அதான் வாய்ல அந்த உதாரணம் வந்துடுச்சு. பூட்டாவது மனுஷன். ஒரு ரோபோ வேற வச்சிருக்காங்க. ஒரு புகார்ல கொஞ்ச நாள் யாரும் எதுவும் எழுதலன்னா அதுவா வரும். இங்க நடமாட்டம் இல்ல, பிரச்சனை தீந்துடுச்சுன்னு எடுத்துக்கறோம்னு சொல்லி மூடிட்டுப் போயிடும். அவன் கத்திக் கத்தி தொண்ட கட்டி உக்காந்திருப்பான். சத்தம் வரலல்ல, அப்ப கொணமாயிட்டான்.

கல்யாணமா? அதுவும் இந்த மூடியாலதான் நடந்துச்சு. எங்க டாக்டர் எச்சில் கையால காக்கா ஓட்டாதவர். இனாமா ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதும் ஆஸ்பத்திரி லேப்டாப் எல்லாத்துலயும் இதையே ஏத்திட்டார். மத்தியானம் சாப்பிடப் போகும்போது மூடுவேன், வந்து திறப்பேன், கரும்பலகை மாதிரி இருக்கும். எதிர்ல கன்னத்தப் புடிச்சுக்கிட்டு ஒரு வரிசை. பல்வலிக்காரங்களுக்கு வர்ற கோவம் இருக்கே, சொல்லி மாளாது. ஆத்திரத்துல ஒரு புகார் எழுதிப் போட்டேன். பூட்டு வழக்கம்போல பூட்டினார். திறந்து விட்டவர் இவர். நம்பி ஒருத்தர் பதில் எழுதறாரேன்னு இருந்துச்சு. இத மாத்திப் பாருங்கம்பார், பாப்பேன். முழிக்கலன்னு எழுதுவேன். சலிச்சுக்கவே மாட்டார் மேடம், அது உண்மை, அத நான் எந்தக் கோர்ட்லயும் சொல்வேன். ஒரு நாள் திறந்தேன், பளிச்சுன்னு முழிச்சுது. அந்த ஒட்டுக்குக் கீழ, சரி பண்ணினது இன்னார், கண்டுபுடிச்சுச் சொன்னது இன்னார்னு பேர் போடுவாங்க. உங்க பேரப் போட்டுக்கலாமான்னு கேட்டார். கல்யாணப் பத்திரிகைக்கு முன்னாடியே எங்க ரெண்டு பேர் பேரும் சேந்து வந்தது அங்கதான். எங்கம்மாகிட்ட காட்டினேன். எங்கம்மா, பையன் என்ன உத்தியோகம்னு கேட்டாங்க. தூங்க வைக்கறதும் எழுப்பறதும்னேன். ஆஸ்பத்திரில மயக்க டாக்டர்னு நெனச்சு சந்தோஷப்பட்டுட்டாங்க.

கல்யாணத்துக்கு அப்புறம் நானும் அந்த க்ரூப்ல சேந்தேன். புதுசு வெளியிடறதுக்கு முன்னாடி பழைய லேப்டாப்லயெல்லாம் போட்டு, மூடித் திறந்து பாத்து எழுதுவேன். வீட்டு வேலையோட வேலையா. பிடிச்சுத்தான் செஞ்சேன். யாரும் கழுத்தப் புடிச்சுத் தள்ளல.

ஆனா அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சு. ஃப்ரிட்ஜ் கதவு மூடலங்கன்னா, எப்பலேர்ந்து, அதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணின, ஒவ்வொரு தடவையும் ஆகுதான்னு கேப்பார். கடைசியில அவர் போய் மூடுவார். அவருக்கு மூடிக்கும். பாத்தியா, எனக்கு மூடுதேம்பார். அந்தக் கதவுக்கு வாயிருந்தா நானே கேட்டிருப்பேன். ஒரு நாள் வாய விட்டே சொன்னேன், நீங்க என்கிட்ட பேசறதே இல்லன்னு. ஒரு உதாரணம் சொல்லுன்னார். சொன்னேன். அது வேற பிரச்சனை, அத தனியா பேசணும்னார். சுவத்துல போய் முட்டிக்கலாம், சுவராவது சத்தம் குடுக்கும். போன வாரம் உங்ககிட்டயும் அப்படித்தானே? எங்களுக்குள்ள ஒரு பிரச்சனை இருக்கறதாவே எனக்குத் தெரியலைன்னு? பாத்தீங்களா, வார்த்தை மாறாம. நான் ஜோசியம் பாக்கல மேடம், குடும்பம் நடத்தியிருக்கேன்.

கரெக்ட். நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. எல்லா வீட்லயும் ஆம்பளைங்க ஏதாவது ஒண்ணுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. இதுக்கெல்லாம் யாரும் கோர்ட்டுக்கு வரமாட்டாங்க. நானும் வரல. ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

நேர்லயா? நேர்ல சொல்லிட்டு அப்புறமா க்ரூப்ல போட்டிருக்கலாமேன்னு கேக்கறீங்க. நியாயம்தான். ஆனா அவங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. யாருக்கும் தனியா எழுதக்கூடாது. தனியா எழுதினா, க்ரூப்ல போடுங்க, எல்லாருக்கும் உபயோகப்படும்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ஒருத்தர் காதுல மட்டும் சொல்றது மத்தவங்களுக்குப் பண்ற துரோகம் மாதிரி. ஒரு தடவ அங்க போட்டுட்டா எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னு அர்த்தம். படிக்காதது உங்க தப்பு.

நான் படிச்சேன். வேலை நேரத்துல. எதிர்ல ஒரு பெரியவர் கன்னத்தப் புடிச்சுக்கிட்டு, டாக்டர் எப்பம்மா கூப்பிடுவார்னு கேட்டுக்கிட்டிருக்கார். மெயில் வருது. அனுப்பினது எங்க வீட்டுக்காரர். அடுத்த வாரத்துலேர்ந்து கொஞ்ச நாள் என்னால வேலை பாக்க முடியாது, கிட்னில ஒரு கட்டி இருக்கு, ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்னு சொல்லிட்டாங்க, நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு எடுத்தப்புறம்தான் தெரியும், நான் வர்ற வரைக்கும் என் பக்கத்த பூட்டு பாத்துப்பார்னு. அவ்வளவு விவரம் மேடம். எந்தத் திருத்தம் எந்த நிலையில இருக்கு, எது அவசரம், எது காத்திருக்கலாம், புதுசு வெளியிடறப்ப ஏதாவது உடைஞ்சா யார்கிட்ட கேக்கணும், எல்லாம் வரிசையா எழுதியிருந்தார். அவர் கூட ஆஸ்பத்திரிக்கு யார் போவாங்கன்னு மட்டும் அதுல இல்ல.

கீழ வரிசையா பதில் வந்துக்கிட்டிருந்துச்சு. பேர் தெரியாத ஊர்லேர்ந்தெல்லாம். தைரியமா இருங்க, சீக்கிரம் வாங்கன்னு. பூட்டு கூட எழுதியிருந்தார். நல்லவேளை, மூடறேன்னு எழுதல.

வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கிட்டே மூடியில இருக்கற சென்சார் பத்தி சொல்லிக்கிட்டிருந்தார். இப்ப சொல்வார், இப்ப சொல்வார்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தட்ட எடுத்துட்டுப் போய்க் கழுவினார். மறுநாளும் அப்படித்தான். நான் கேட்டிருக்கலாமா? கேட்டிருக்கலாம். என்கிட்ட நானே எத்தனை தடவ கேட்டுட்டேன். எனக்கு அவர் வாயால சொல்லணும்னு இருந்துச்சு மேடம். பயந்து செத்துக்கிட்டிருந்தேன், அப்பவும் அவர் வாயால சொல்லணும்னு இருந்துச்சு. நான் பொண்டாட்டிதானே?

ஆஸ்பத்திரில சேர வேண்டிய அன்னிக்குக் காலைல பைல ரெண்டு சட்டைய மடிச்சு வைக்கறார். எங்க கெளம்பறீங்கன்னேன். அவர் முகத்த நீங்க பாத்திருக்கணும். நெசமாவே ஆச்சரியம். க்ரூப்ல போட்டிருந்தேனே, நீயும் அதுல இருக்கியே, படிச்சிருப்பேன்னு நெனச்சேன்னார். மறைக்கல மேடம், நடிக்கல. அவரப் பொறுத்தவரைக்கும் எனக்குச் சொல்லியாச்சு.

கூடப் போனேன், போகாமயா? ஒரு தாள நீட்டி கையெழுத்து கேட்டாங்க. நோயாளிக்கு நீங்க என்ன உறவுன்னு ஒரு கோடு. க்ரூப்ல ஒரு ஆள்னு எழுதினா ஒத்துப்பீங்களான்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அந்த நர்ஸ் என்ன பண்ணும் பாவம். மனைவின்னு எழுதிக் குடுத்தேன்.

இல்ல, நல்ல கட்டிதான். ஆளு நல்லாயிருக்கார், நீங்களே பாத்தீங்களே. தையல் பிரிச்சு, மாடிப்படி ஏறி எறங்கற வரைக்கும் நாந்தான் கூட இருந்தேன். மனு அதுக்கு அப்புறம்தான். படுத்த படுக்கையா கெடக்கறவர விட்டுட்டு வந்தவன்னு பேர் வேண்டாம் பாருங்க.

தண்ணி வேண்டாம், இருக்கட்டும். மனுவ வாபஸ் வாங்கல, மன்னிப்பும் கேக்கப் போறதில்லன்னு எழுதிக்குங்க. எங்க கையெழுத்து போடணும், இங்கயா? அப்புறம் ஒண்ணு மேடம். இத அவர்கிட்ட தயவு செஞ்சு நேர்ல கூப்பிட்டு சொல்லிடுங்க. பாவம்.