மூன்றாவது படி

இந்த நாற்காலி நல்ல நாற்காலிதான், ஐயா. ஆனால் விற்றவன் உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். பின்கால் இரண்டும் வேறு மரம். மேலே ஒரே வண்ணம் அடித்து மறைத்திருக்கிறான். உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. அடுத்த முறை வாங்கும்போது என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லலாம். அதற்குச் சட்டம் விடாது.

டீக்கு நன்றி. எல்லாவற்றையும் வரிசையாகவே சொல்கிறேன். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள்.

என் அப்பா மெத்தைக் கடை வைத்திருந்தார். கடை வாசலில் ஐந்து படிகள். விலை படியாமல் இறங்கிப் போகிறவர்களை அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் படியிலேயே திரும்பிப் பார்ப்பவர் ஏமாளி, சொன்ன விலைக்கே வாங்கிவிடுவார். ஐந்து படியும் இறங்கித் தெருவில் கலந்துவிட்டவர் பொழுதுபோக்க வந்தவர். மூன்றாவது படியில் திரும்பிப் பார்க்கிறாரே, அவர்தான் வியாபாரம் தெரிந்தவர். அவருக்கு மெத்தை வேண்டும். நாம் கூப்பிட வேண்டும் என்று நிற்கிறார். "போறவன் எல்லாம் போறவன் இல்லடா," என்பார் அப்பா. "கூப்பிடுற விதமா கூப்பிட்டா திரும்பி வருவான்." எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பதற்கு முன்பே நான் இதைக் கற்றுவிட்டேன்.

நான் மெத்தையிலிருந்து கட்டிலுக்கு வந்தேன். நோயாளிகள் வீட்டில் வைத்துக்கொள்ளும் கட்டில், சக்கர நாற்காலி, மூச்சுத் திணறுகிறவர்களுக்கான ஆக்சிஜன் இயந்திரம், எல்லாம் வாடகைக்கு. பழுதான இயந்திரத்தின் கைப்பிடியில் சிவப்புக் கயிறு கட்டிப் பின்னறையில் வைத்துவிடுவேன். கயிறு கட்டியது வாசல் தாண்டாது. பதினெட்டு வருஷத்தில் ஒன்றுகூடத் தாண்டியதில்லை. டாக்டர்கள் என் கடை விலாசத்தை எழுதிக் கொடுத்ததே அந்தக் கயிற்றை நம்பித்தான்.

அடுத்தது 'கடைசிக் கலம்'. நீங்கள் பார்த்ததில்லை என்று முகத்திலேயே தெரிகிறது, பரவாயில்லை. தொலைக்காட்சித் தொடர். பூமி அழிந்த பிறகு நாலாயிரம் பேர் ஒரு விண்கலத்தில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஆறு வருஷம் ஓடியது. கதையை வகுத்து, எழுதுகிறவர்களை மேய்த்து, நடிகர்களை அதட்டி, கலத்தின் திருகாணி வரைக்கும் முடிவு செய்தவர் ஒரே ஆள். ஷோரன்னர் என்று அதற்குப் பெயர். நாங்கள் மேஸ்திரி என்போம். நாங்கள் என்றால் ரசிகர் சங்கம், அறுபது பேர். ஞாயிறு மாலை ஓர் அச்சகத்து மாடியில் கூடிப் பார்ப்போம். நான் செயலாளர்.

ஆறாவது வருஷத்தின் கடைசிக் காட்சியில் கலத்தை ஓட்டுகிற பெண் வெளியே மிதக்கிறாள். நாலு நிமிஷத்துக்குத்தான் அவளிடம் காற்று இருக்கிறது. உள்ளே கதவின் நெம்புகோலில் அவள் தம்பி கை வைத்திருக்கிறான். திறந்தால் அவள் பிழைப்பாள், மற்றவர்களுக்கு ஆபத்து. திரை இருண்டது.

அடுத்த வாரம் மேஸ்திரி விலகிவிட்டார்.

ஒரு பேட்டியில்தான் சொன்னார். "போதும்னு தோணுது. எல்லாருக்கும் நன்றி." எழுந்தார், நடந்தார், அரங்கின் கதவருகே நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நாலு விநாடி. பிறகு காட்சியை வெட்டிவிட்டார்கள்.

எங்கள் ஆட்கள் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சங்கத்தில் ஒரு பல் டாக்டர். அன்று மூன்று நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு நாலாமவருக்கு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார் என்று பேச்சு, அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாக் காட்சியும் மனப்பாடமாய்த் தெரிந்த கணக்கு வாத்தியார் ஒருவர், அகராதி என்று கூப்பிடுவோம். மேஸ்திரி ஒரு துரோகி என்று அவர் இணையத்தில் எழுத, ஒரே நாளில் பதினோராயிரம் பேர் ஆமாம் சாமி போட்டார்கள். முகம் தெரியாதவர்கள் சாபம் விட்டார்கள். முகத்தைக் காட்டி அழுதவர்களும் உண்டு. அட்டையில் நெம்புகோல் செய்து மூட்டை மூட்டையாகத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். வாயிற்காவலர் அதை எரித்துக் குளிர்காய்ந்ததாகக் கேள்வி.

நான் கத்தவில்லை, அழவில்லை. கடையைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். என் மனைவி வந்து நின்றாள். "எங்கப்பா செத்த மறுநாளே ஷட்டரைத் தூக்குனீங்க. இப்ப மூணு நாளா தூக்கலை. யாருங்க அந்த ஆளு, உங்க மாமனாருக்கும் மேலயா?" பதில் சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அச்சகத்து மாடியில் கூடினோம்.

"கையெழுத்து வாங்குவோம். லட்சம் கையெழுத்து," என்றார் பல் டாக்டர்.

"இனிமே பல்லைப் பிடுங்காதீங்கன்னு லட்சம் பேர் உங்களுக்குக் கையெழுத்துப் போட்டா விட்டுருவீங்களா?" இது எங்களுக்கெல்லாம் கலத்தின் சீருடை தைத்துக் கொடுத்த தையற்காரர். "விடுங்கப்பா. மனுஷன் களைச்சுப் போயிட்டான். நான் ஒரு கல்யாண வீட்டுக்குத் தைச்சாலே ஒரு வாரம் ஊசியைத் தொடமாட்டேன். அவன் ஆறு வருஷம் தைச்சிருக்கான்."

"துரோகிக்கு வக்காலத்து வேறயா?" என்றார் அகராதி.

அந்த நாலு விநாடியைத் திரும்பப் போடச் சொன்னேன். மூன்று தடவை போட்டார்கள்.

"பாத்தீங்களா, திரும்பிப் பாக்கிறாரு."

"அதனால?"

"அவரு போகலை. கூப்பிடட்டும்னு நிக்கிறாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. அவர்கள் தப்பில்லை, மாதச் சம்பளக்காரர்கள் வீட்டில் வளர்ந்தவர்கள்.

நான் கூப்பிட ஆரம்பித்தேன். நாற்பது கடிதம், கையால் எழுதி, செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு. முதலில் சரக்கைப் புகழ்ந்தேன். பிறகு லேசாகக் குறை சொன்னேன். பிறகு நாங்களும் போய்விடுவோம் என்றேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. எதிராளி பேசாமல் இருந்தால் யோசிக்கிறான் என்று அர்த்தம்.

அவர் இடத்துக்கு ஒரு சின்னப் பெண்ணைப் போட்டார்கள். அந்தப் பெண், 'ஐந்து வருஷம் கழித்து' என்று ஏழாவது வருஷத்தைத் தொடங்கினாள். கதவு திறந்ததா இல்லையா என்று சொல்லாமல் கலத்துக்குள் ஒரு பூனைக்குட்டியை விட்டாள். சங்கத்தில் பாதிப் பேருக்குப் பூனையைப் பிடித்துப்போயிற்று. தையற்காரர் அதற்கும் ஒரு சீருடை தைத்தார். அறுபது பேர் முப்பது ஆனோம். பிறகு பதினொன்று.

அப்போதுதான் ஒரு டாக்டரின் சீட்டு கடைக்கு வந்தது. ஒரு கட்டில், ஓர் ஆக்சிஜன் இயந்திரம், நுரையீரல் கெட்டுப்போன ஓர் அம்மாவுக்கு. இயந்திரத்தை இறக்க நானும் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் தோளில் துண்டோடு, ஒரு வாரத் தாடியோடு நின்றார். மேஸ்திரி. படுத்திருந்தது அவருடைய அக்கா. அம்மா அப்பா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வாங்க வந்தவன் ஆசையை முகத்தில் காட்டக் கூடாது.

அக்கா என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார். "என்ன தம்பி இது, நான் மூச்சு விடுறதுக்கு வாடகையா?"

"மூச்சு இலவசம்க்கா. மெஷினுக்குத்தான்."

"அப்ப பாதி நாள் சும்மாவே விட்டுக்கிறேன். பாதியாக் குறைச்சுக்கோ."

என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். அவர் ஒருவர். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது; இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வாரா வாரம் இயந்திரத்தின் வடிகட்டியைத் துடைக்க ஆள் அனுப்புவதுதான் வழக்கம். அந்த வீட்டுக்கு மட்டும் நானே போனேன்.

மூன்றாவது வாரம் மேஸ்திரியிடம் பேச்சுக் கொடுத்தேன். "சார், பேட்டி முடிஞ்சு போறப்ப ஒரு தடவை திரும்பிப் பாத்தீங்களே..."

"அதுவா? கண்ணாடிக் கூட்டை நாற்காலியில வெச்சுட்டு வந்துட்டேன்." சிரித்தார். "நீங்களும் அதைப் பாக்கிற ஆளா?"

"எப்பவாவது. அக்கா சரியாயிட்டா மறுபடி எழுதுவீங்கல்ல?"

"இல்லைங்க. அக்கா ஒரு சாக்குதான். அவங்க நாளைக்கே எந்திரிச்சு ஓடுனாலும் நான் திரும்பப் போகமாட்டேன். எனக்குள்ள கதை தீந்துபோச்சு. அந்தக் கதவு திறக்குமா திறக்காதான்னு எனக்கே தெரியாது."

சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லும் கடைக்காரரை நான் நம்பியதில்லை, ஐயா. நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னபோதெல்லாம் சரக்கு பின்னறையில்தான் இருந்தது.

அடுத்த வாரம் அவர் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். "தம்பி, நீயாவது அவனுக்குச் சொல்லேன். பேனாவைத் தொட்டு எத்தனை மாசமாச்சு. எந்நேரமும் இந்தக் கட்டிலையே காவல் காக்கிறான். நான் இருக்கிற வரைக்கும் இவன் நகர மாட்டான்."

இந்த இடத்தைச் சரியாக எழுதிக்கொண்டாரா? நான் கேட்கவில்லை. விலையைச் சொன்னது அவர்தான்.

சொன்ன விலைக்கு உடனே தலையாட்டுகிறவன் இல்லை நான். குறைத்துக் கேட்டுப் பார்த்தேன். "நர்ஸ் ஒருத்தரை வெச்சுக்கலாமே சார்," என்றேன். "அவங்களுக்கு வேற கை பழகாது," என்றார். நல்ல ஆஸ்பத்திரி ஒன்று சொல்லட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். "அவனும் பக்கத்துக் கட்டில்ல வந்து படுத்துக்குவான்," என்று சிரித்தார். பதினோரு நாள் முயன்றேன். குறையவில்லை.

பன்னிரண்டாவது நாள், செவ்வாய்க்கிழமை மதியம், சர்வீஸ் என்று சொல்லி இயந்திரத்தை மாற்றினேன். புதிதாய்க் கொண்டுபோனது பின்னறையில் இருந்தது. அது நன்றாகத்தான் ஓட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் காற்றில் வலு இருக்காது. வலு குறைந்தால் அடிக்க வேண்டிய மணியும் அடிக்காது. அதற்காகத்தான் நானே கயிறு கட்டி வைத்திருந்தேன். அவிழ்க்கக் கொஞ்சம் நேரமாயிற்று. முடிச்சைக் கெட்டியாகப் போட்டிருந்தேன்.

"இது சத்தமே இல்லாம ஓடுதே தம்பி," என்றார் அக்கா. "இதையே விட்டுட்டுப் போயிடேன்."

"உங்களுக்குன்னுதான்க்கா கொண்டுவந்தேன்."

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "பாரு, மெஷின் ஜம்முன்னு ஓடுது. நீ அந்த ரூமுக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு வரி எழுது. போடா. நான் கூப்பிடுறேன்."

மேஸ்திரி போனார். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. முன்பணம் கைக்கு வந்த மாதிரி இருந்தது.

கடைக்குத் திரும்பினேன். ஒருவர் தன் அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டு வந்தார். அவர் சொன்ன வாடகைக்கே கொடுத்தேன். அன்று எனக்குப் பேரம் பேசத் தோன்றவில்லை.

ஆமாம், தெரிந்தே செய்தேன். இயந்திரம் பழுது என்று தெரியும். மணி அடிக்காது என்று தெரியும். அவரால் குரல் எழுப்பிக் கூப்பிட முடியாது என்றும் தெரியும். நான்தான் கொன்றேன். இதை எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அந்தக் கையெழுத்தால்தான் மாட்டினேன் என்று சொன்னீர்கள். நாற்பது கடிதத்தையும் மேஸ்திரி ஒரு செருப்புப் பெட்டியில் வைத்திருந்தாராம். மதிய நேரங்களில் அக்காவுக்கு வாசித்துக் காட்டுவாராம். ரசிகர்கள் எழுதியதிலேயே அக்காவுக்குப் பிடித்தவை என்னுடையவைதானாம். "இவன் வியாபாரிடா, நல்லா இழுக்கிறான்," என்று சிரிப்பாராம். இயந்திரத்துக்கான ரசீதிலும் கடிதங்களிலும் ஒரே கையெழுத்து. மாற்றிப் போட எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும், நான் என்ன திருடனா?

அந்த அறை மேசையில் இருந்த தாளில் ஓர் எழுத்துகூட இல்லை என்றும் சொன்னீர்கள். அப்படிச் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. நாற்பது கடிதம், ஐயா. ஒன்றைக்கூடக் கிழித்துப் போடவில்லை. வேண்டாதவன் வைத்திருப்பானா?

இப்போது உங்கள் காவலர் வந்து காதில் சொன்னது எனக்கும் கேட்டது. மேஸ்திரி என் முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வந்தாராம். வாசல்வரை வந்தவர், முடியவில்லை என்று இறங்கிவிட்டாராம். இறங்கியவர் போகாமல் நடுவில் நின்று இந்தப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். உங்கள் வாசலிலும் ஐந்து படிதான். உள்ளே கொண்டுவந்தபோதே எண்ணிக்கொண்டேன். எந்தப் படியில் நிற்கிறார் என்று காவலரிடம் கேட்க வேண்டியதில்லை.

உடனே கூப்பிட்டுவிடாதீர்கள், ஐயா. கொஞ்ச நேரம் நிற்கட்டும். நாம் அவசரம் காட்டினால் விலை ஏறிவிடும்.